இரண்டாவது சிலிண்டரில் ஈரம்!

"யார் மேலயாவது சந்தேகம் இருக்காம்மா?"

இன்ஸ்பெக்டர் அப்படிக் கேட்டபோது அக்காவின் உடல் இன்னும் சமையலறைத் தரையில்தான் கிடந்தது. கழுத்தைச் சுற்றி வயர் இறுக்கிய தடம்...

தங்கைக்காரி யோசிக்கவே இல்லை. விரலை நீட்டினாள்.

"இதோ நிக்கறாரே, என் அத்தான்! இவர்தான் சார்!"

அத்தான் அதிர்ந்தார்.

"நானா? ராத்திரி முழுக்க நான் மலைப்பாதையில மாட்டிக்கிட்டுக் கிடந்தேன்! வேன்ல ஒரு சிலிண்டர் செத்துப் போச்சு. லோடோட மேடு ஏறலை. போன்ல டவரும் இல்லை. காலையில பஸ் பிடிச்சு வந்து கதவைத் திறந்தா..."

"நடிக்காதீங்க! எங்க அக்காகூட தினம் ஒரு சண்டை. நேத்து மட்டும் உத்தமராயிட்டீங்களா?"

"சகலை..." அவளுடைய கணவன் அத்தானின் தோளில் கை வைத்தான். "ஒத்துக்கங்க. தண்டனையாவது குறையும்."

அத்தான் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

மறுநாள்...

மலையிலிருந்து வேனை இழுத்து வந்து அவள் பட்டறையிலேயே நிறுத்தினார்கள். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து நடத்தும் பட்டறை. இன்ஜின் வேலையில் அவளுக்குத்தான் பேர் ஜாஸ்தி. வாயிலும்தான்!

"விரோதி கையிலயே வண்டியைக் கொடுக்கறீங்களே சார்!" என்றார் அத்தான்.

"அதனாலதான் கொடுக்கறேன். உன் சிநேகிதன் பார்த்து 'நிரபராதி'ன்னு சொன்னா கோர்ட்ல சிரிப்பாங்க. இந்தம்மா சொன்னா நம்புவாங்க."

"கனவுல கூடச் சொல்ல மாட்டேன்!" அவள் பானட்டைத் தூக்கினாள். "சின்ன வேன் சார். மொத்தமே ரெண்டு சிலிண்டர். ரெண்டாவது வேலை செய்யலை. அது நிஜம். பெட்ரோலைப் பத்த வைக்கற பொறி கொடுக்குமே, அந்த பிளக் செத்துப் போச்சு. ஆனா எப்போ செத்தது? அதான் கேள்வி!"

"புரியற மாதிரி சொல்லும்மா."

"வண்டி நல்லாத்தான் இருந்திருக்கும். இவர் கீழே வந்து அக்காவை முடிச்சிட்டு, திரும்ப மேலே போய், நல்ல பிளக்கைக் கழட்டிட்டுக் கெட்டதை மாட்டியிருப்பார். அப்படீன்னா சிலிண்டர் உள்ளே கரி படிஞ்சு காய்ஞ்சு கிடக்கும். நிஜமாவே கெட்ட பிளக்கோட மேடு ஏறியிருந்தா, பெட்ரோல் எரியாம உள்ளே கொட்டியிருக்கும். கரியைக் கழுவி விட்டிருக்கும்."

"ஆக...?"

"காய்ஞ்சிருந்தா கொலைகாரர். ஈரமா இருந்தா நிரபராதி!"

"பாரு!" அத்தான் கத்தினார். "கண்ணை நல்லாத் திறந்து வெச்சுக்கிட்டுப் பாரு!"

"எதுக்குடி இந்த வெட்டி வேலை?" கணவன் குறுக்கே வந்தான். "ஸ்டேஷன்ல ரெண்டு தட்டு தட்டினா தானா கக்கிடுவார்."

"சும்மா இந்த கேமரா ஸ்கிரீனைப் பிடிங்க."

இரண்டு பிளக்குகளையும் கழற்றி மேஜை மேல் வைத்தாள். நூல் போன்ற கேமராவை முதல் துளைக்குள் இறக்கினாள்.

கை அகல ஸ்கிரீனில் வெளிச்சம். பிஸ்டனின் தலை தெரிந்தது. மங்கிய கறுப்பு. காய்ந்த கரி.

"இது நல்ல சிலிண்டர். இப்போ பாருங்க, அடுத்ததும் இதே மாதிரிதான்..."

கேமரா இரண்டாவது துளைக்குள் நுழைந்தது. இறங்கியது...

பளபளத்தது!

கரி கோடு கோடாகக் கழுவப்பட்டு, அடியில் உலோகம் வெள்ளையாகத் தெரிந்தது. ஓரத்தில் தேங்கி நின்றது பெட்ரோல்.

ஈரம்!

அவள் கேமராவை உருவித் துடைத்து மறுபடி இறக்கினாள்.

அதே ஈரம்!

"இன்னொரு தடவை விடேன்," என்றார் அத்தான் கசப்பாக. "அதுக்குள்ள காயுதான்னு பார்ப்போம்!"

அவள் நிமிர்ந்தபோதுதான் அதைக் கவனித்தாள். கணவனின் கை மேஜைக்குப் போயிருந்தது. பழைய இரும்பு போடும் டப்பாவை நோக்கி நகர்ந்தது.

"கையில என்ன?"

"செத்த பிளக்தானே... குப்பை!"

"கொடுங்க அதை!"

பிடுங்கினாள். வெள்ளைப் பீங்கான் பகுதியை வெளிச்சத்தில் திருப்பினாள். நகத்தால் சுரண்டினாள். கண்ணாடி போல ஒரு ஏடு உரிந்து வந்தது. அடியில் முடி போல ஒரு விரிசல்!

பிளக்கை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள்.

"சார்... இதுல விரிசலைப் பசை போட்டு மறைச்சிருக்கு. பசை தாங்கற வரைக்கும் வண்டி ஓடும். மேட்டுல இன்ஜின் சூடேறினா பசை விட்டு, பிளக் செத்துடும்."

அத்தான் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கியிருந்தது.

"இதை யாரு மாட்டினது அத்தான்?"

"உன் புருஷன்தான்! 'மலை ஏறப் போறீங்க சகலை, புதுசு போட்டுத் தர்றேன்'னு கிளம்பற அன்னிக்குக் காலையில மாட்டி விட்டார்."

"கடையில வாங்கும்போதே விரிஞ்சிருக்கும்!" கணவன் பாய்ந்தான்.

"விரிசல் கடையிலேர்ந்து வரும். பசையும் கூடவே வருமா?"

"ஏய்..."

"அத்தான் வீட்டுக்கு வரக் கூடாது. அக்கா தனியா இருக்கணும். அதானே? ட்ரையல் பார்க்கறேன்னு அன்னிக்கு ராத்திரி ஒரு வண்டியை எடுத்துட்டுப் போனீங்களே... எங்கே போனீங்க?"

"கட்டின புருஷனையே காட்டிக் கொடுக்கறியாடி!"

ஓங்கிய கையை இன்ஸ்பெக்டர் அந்தரத்திலேயே பிடித்தார்.

"இவன் எதுக்கும்மா உங்க அக்காவைக் கொல்லணும்?"

"பின்னால ஒரு கொட்டகை இருக்கு சார். பூட்டியே இருக்கும். சாவி இவர்கிட்டதான். போன வாரம் அக்கா அந்த வாசல்ல நின்னு இவர்கூடக் கத்தினா. ஏன்னு கேட்டா, 'உங்க அக்கா கண்ணு கண்ட இடத்துல மேயுது'ன்னார்."

கான்ஸ்டபிள் பூட்டை உடைத்தார். தார்ப்பாய்க்கு அடியில் வரிசையாக இன்ஜின்கள்... ஒவ்வொன்றிலும் நம்பர் ராவி எடுக்கப்பட்டிருந்தது. எல்லாம் திருட்டு வண்டிகளிலிருந்து கழற்றியவை!

"போலீசுக்குப் போவேன்னு மிரட்டினா..." கணவனின் குரல் உடைந்தது. "வேற வழி தெரியலை..."

விலங்கு மாட்டினார் இன்ஸ்பெக்டர்.

"வாங்க முதலாளி. எங்க ஜீப்ல எல்லா சிலிண்டரும் ஒழுங்கா வேலை செய்யும். வழியில எங்கேயும் நிக்காது!"

ஜீப் போனது.

பட்டறையில் அவளும் அத்தானும் மட்டும். கிரீஸ் கையைப் புடவையில் துடைத்தபடி அவள் நெருங்கினாள்.

"அத்தான்... ஊரைக் கூட்டி உங்களைக் கொலைகாரர்னு சொல்லிட்டேன். என்னை நாலு அறை விடுங்க. திட்டவாவது செய்யுங்க... வேனை நானே சரி பண்ணி வீட்டு வாசல்ல கொண்டு வந்து விடறேன்."

அத்தான் அவளைப் பார்த்தார். வேனைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்த வேன் சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

பிறகு வெளியே நடந்தார்.

நடந்தேதான் போனார்! அந்தப் பட்டறை தொட்ட வண்டியில் இன்னொரு தடவை ஏற அவருக்கென்ன பைத்தியமா?