மருந்து நலம்

விடிந்ததும் தூத்துக்குடியில் எல்லோர் கைப்பேசியும் ஒருமுறை கூவும். 'மருந்து நலம்' என்று இரண்டே சொல் வரும். அதைப் பார்த்த பிறகுதான் டீக்கடையில் முதல் டீயை ஆற்றுவார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்புவார்கள்.

அதை அனுப்புகிறவள் செண்பகக்கனி. அரசு ஆய்வுக்கூடத்தில் பூஞ்சைப் பிரிவு அவள் பொறுப்பு. பூமி சூடேறச் சூடேற, ஈஸ்ட் பூஞ்சைகள் மனித உடம்பின் சூட்டையும் தாங்கப் பழகி, ரத்தத்துக்குள் இறங்கிவிட்ட காலம் அது. இருந்த மருந்தையெல்லாம் அள்ளி அள்ளிக் கொடுத்தார்கள். பூஞ்சை ஒவ்வொன்றையும் செரித்துக்கொண்டு எழுந்து நின்றது. மிஞ்சியது ஒன்றே ஒன்று, காவல் மருந்து. அதற்கும் பூஞ்சை பழகிவிடக் கூடாதென்று பெட்டகத்தில் வைத்துப் பூட்டினார்கள். இப்போது யாருக்கும் கிடையாது. வரப்போகிறவர்களுக்கு வேண்டுமாம்.

பூட்டிய மருந்து இன்னும் வேலை செய்கிறதா என்று தெரிய வேண்டுமே, அதற்குத்தான் குழித்தட்டு. நோயாளியின் ரத்தத்திலிருந்து வளர்த்த பூஞ்சையைச் சின்னச் சின்னக் குழிகளில் விட்டு, வரிசைக்கொரு மருந்து சேர்த்து, மறுநாள் பார்ப்பாள். மருந்து தோற்ற குழி அரிசி கழுவிய தண்ணீர்போலக் கலங்கியிருக்கும். காவல் மருந்தின் வரிசை மட்டும் தெளிந்திருக்கும். தெளிந்திருந்தால் மருந்து நலம். அந்த ரத்தத்துக்குரியவர் என்ன ஆனார் என்று செய்தியில் வராது.

என்றைக்காவது அந்த வரிசையும் கலங்கினால் 'மருந்து நலமில்லை' என்று அனுப்ப வேண்டும். இனிக் காத்துப் பயனில்லை, கேட்பவருக்குக் கொடுக்கலாம் என்று அன்றே பெட்டகம் திறக்கும். சட்டம் அப்படி.

அன்றைய தட்டில் இருந்தது அவள் தம்பி இசக்கிராஜின் ரத்தம். துறைமுகத்தில் அடிபட்டு, அறுவைச் சிகிச்சைக்குப் பின் கழுத்தில் போட்ட குழாய் வழியே பூஞ்சை இறங்கியிருந்தது. தட்டைப் பார்த்துவிட்டு, செய்தி அனுப்பாமல் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"எக்கா, போன் இன்னும் கூவலையே. ஊரே வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு நிக்கும்."

"நிக்கட்டும்ல."

"என் தட்டு எப்பிடி?"

"ஊத்துத் தண்ணி மாதிரி தெளிஞ்சிருக்கு."

"அப்ப அந்தக் குழியில நான் பொழச்சிட்டேன்." சிரிக்கப்போய் இருமினான்.

அவள் குனிந்தாள். "நலமில்லன்னு எழுதிருதேன். யாருக்கும் தெரியாது."

இசக்கிராஜ் கழுத்துக் குழாயைத் தொட்டுப் பார்த்தான். "சாவுறதுக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனா போன மழைக்கு மீன்கார அந்தோணியம்மா உன் கால்ல விழுந்து இதத்தான கேட்டா, அவ மவளுக்கு. என்ன சொன்ன அன்னைக்கு?"

ஒருத்திக்காகத் திறந்தால் ஊருக்கே இல்லாமல் போய்விடும் என்று சொல்லியிருந்தாள். பக்குவமாகத்தான் சொன்னாள், குடிக்கத் தண்ணீரும் கொடுத்தாள்.

"எழுதுன்னு சொல்ல வாய் வரல," என்றான் தம்பி. "எழுதாதன்னும் வரல. நீயே பாத்துக்கோ."

திரும்பி வந்தாள். 'மருந்து நலம்' என்று அனுப்பினாள். சட்டப்படி அந்தத் தட்டை, பூஞ்சை மிஞ்சாதபடி, ஆவிக்கலத்தில் வைத்து அவித்தாள். அவள் செய்தது சரியா என்று என்னைக் கேட்காதீர்கள் கண்ணுகளா.

பஸ் நிறுத்தத்தில் அந்தோணியம்மா கூடையோடு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னைக்கு ரொம்ப நேரமாயிட்டே, தாயி. யாரு ரத்தம்?"

"எந் தம்பி."

"அதான." கூடையை நகர்த்தி இடம் விட்டாள். "எம் மவ ரத்தம் தட்டுல இருந்த அன்னைக்கு, விடிஞ்சதுமே நலம்னு அனுப்பிட்டியே."

செண்பகக்கனி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிர்க் கடையில் அப்போதுதான் முதல் டீயை ஆற்றத் தொடங்கியிருந்தார்கள்.