பத்தொன்பது தடவை படுத்த நாய்

எங்கள் குராபெல் பள்ளியில் மொத்தமே பதினோரு பிள்ளைகள். ஊரில் ஆடுகளோ நாற்பதாயிரம். எங்களுக்கு எவ்வளவு மரியாதை கிடைத்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுக்கொரு முறை மைதானத்தில் ஊர்க் கண்காட்சி நடக்கும். வதங்கும் வெங்காயமும் ஈரக் கம்பளியும் கலந்த அந்த வாசனை இப்போதும் என் மூக்கைவிட்டுப் போகவில்லை. பெரிய கூட்டம் நாய்ப் போட்டிக்குத்தான். ஒரு நாய், மூன்று ஆடுகள், ஒரு பட்டி. மனிதர் கை படாமல் நாய் ஆடுகளைப் பட்டியில் சேர்க்க வேண்டும்.

"நாமளும் ரோபோவுல ஒரு நாய் செய்வோம்," என்றார் எங்கள் ஹாலம் சார்.

மூன்று ரோபோ ஆடுகளும் செய்தோம். நாயோ ஆளோ ஒரு முழத்துக்குள் வந்தால், அவை காலியான பக்கம் தேடி நகரும்.

விழாக் குழுத் தலைவி மிசஸ் பாஸ்கோ கண்காட்சியில் எங்களுக்கு ஐந்து நிமிடம் கொடுத்தார். "ஆடு உள்ள போகலேன்னா, அடுத்த வருஷம் இந்த அஞ்சு நிமிஷம் பூசணிக்காய்ப் போட்டிக்குப் போயிடும்."

நாயை ஓட்டும் நிரல் என் பொறுப்பு. அப்பா ஆட்டு ஏலம் விடுபவர். எங்கள் வீட்டில் எல்லாமே வேகம். வகுப்பறையில் ஓட்டிப் பார்த்தபோது நாயும் அப்படியே பாய்ந்தது. ஆடுகள் சிதறி, ஒன்று அலமாரிக்கு அடியில் போய்ச் சிக்கியது.

"சூப்பர்டா டெஸ்மண்ட்! மேய்க்கச் சொன்னா விரட்டிட்ட," என்றாள் என்னோடு படிக்கும் ஓர்லா.

"வேகம் பத்தல. இன்னும் கூட்டறேன்."

வெள்ளிக்கிழமை கண்காட்சியில் நிஜ நாய்களின் போட்டி பார்க்கப் போனோம். நான் நாய்களின் வேகத்தைக் குறித்தேன். ஓர்லா நோட்டில் கோடு கோடாகப் போட்டாள்.

"என்னடி இது?"

"நாய் படுத்த கணக்கு. ஜெயிச்ச நாய் பத்தொன்பது தடவை படுத்துச்சு. உன் நாய் ஒரு தடவையாவது நிக்குதா?"

நான் நோட்டை வாங்கி, கோடுகளை ஒவ்வொன்றாக நிதானமாக எண்ணினேன். வீட்டில் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

அன்று மாலையே நிரலை மாற்றினோம். தூரமாகச் சுற்றி ஆடுகளின் பின்னால் போ. இரண்டடி நகர். நில். அவை அசைந்து முடிக்கட்டும். மறுபடி இரண்டடி.

சனிக்கிழமை வேலி நெடுகத் தொப்பிகள். நாய் நகர்ந்தது. நின்றது.

"பேட்டரி செத்துடுச்சா?" என்று ஒரு குரல். ஒரே சிரிப்பு.

என் கை வேகப் பொத்தானுக்குப் போனது. ஓர்லா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"தொடாத! யோசிக்க நேரம் குடு."

"அது மெஷின்டி!"

"நாய்க்கு இல்லடா, ஆட்டுக்கு."

"அதுவும் மெஷின்தான்டி!"

முதல் ஆடு உள்ளே போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவது வாசலில் வலப்பக்கம் திரும்பியது, இடப்பக்கம் திரும்பியது. நாய் அசையவில்லை. சிரிப்பு எப்போது அடங்கியதென்றே தெரியவில்லை. ஆடு மெல்ல உள்ளே போனது.

நாங்கள் கட்டிப்பிடித்துக் குதித்தோம். அதற்குள் வேலியே அலறியது.

"கேட்டு! கேட்டச் சாத்துங்க! ஆடு வெளிய வந்துடும்!"

மிசஸ் பாஸ்கோ ஒரு காலை வேலிக்கு மேலேயே போட்டுவிட்டார். ஓர்லா ஓடிப்போய் அட்டைக் கதவைச் சாத்தினாள்.

மிசஸ் பாஸ்கோ மூச்சு வாங்கினார். "அடுத்த வருஷம் பத்து நிமிஷமா எடுத்துக்கங்க. ஆனா, நல்ல தாழ்ப்பாளா ஒண்ணு போடுங்க!"