கடைசிப் பட்டை

பயிற்சி மருத்துவரான அந்தப் பெண் துப்பறிவாளரின் வீட்டு நாற்காலியில் உட்காரும் முன்பே அழுதுவிட்டாள். கையோடு கொண்டுவந்த இரண்டு கட்டுரைகளை மேசைமேல் வைத்தாள். சிறுநீரகக் கல் அறுவையை இளம் டாக்டர்களுக்குக் கற்றுத்தருவது பற்றி, ஆண்டுக்கு எத்தனை ஆய்வுகள் வெளிவந்தன என்ற கணக்கு. ஒன்று அவள் தட்டச்சு செய்தது. மற்றது அவளுடைய சீனியர் பெயரில் இதழில் வந்திருந்தது. எண்கள் அச்சு அசல் ஒன்றே.

"நான்தான் சார் எண்ணினேன். போன ஜூன்ல, கண்ணு பூத்துப்போற வரைக்கும். மீதியை அப்புறம் பாத்துக்கலாம்னு அவர்கிட்ட ஒரு பிரதி குடுத்துவச்சேன். இப்ப நான் திருடினேன்கறார். என் கம்ப்யூட்டரும் கெட்டுப்போச்சு. நாளைக்கு விசாரணை. பயிற்சியிலேர்ந்தே என்னைத் தூக்கிருவாங்க."

துப்பறிவாளர் போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். உதவி கேட்டு வருகிறவர்கள் அழுதால் அவருக்குச் சந்தேகம் ஒரு படி கூடும். தலையை மட்டும் ஆட்டி அனுப்பிவைத்தார்.

"அத்தான், எனக்கு அவமேலதான் சந்தேகம்," என்றான் கூடவே அலையும் மச்சினன். "பாருங்க, அவ கட்டுரையில இருக்கற வரைபடத்துல கடைசிப் பட்டைக்கு நிறம் தீட்டவே மறந்துட்டா. காப்பியடிச்ச பதற்றம்!"

"இருக்கலாம் மாப்பிள்ளை."

இரண்டு கட்டுரைகளின் வரைபடத்திலும், வருடத்துக்கு ஒன்றாக வரைந்த பட்டைகள் ஆண்டுக்காண்டு உயர்ந்து தொண்ணூற்றாறு ஆய்வுகளைத் தொட்டிருந்தன. கடைசிப் பட்டை, அதாவது போன வருடத்துடையது, நாற்பத்தொன்றுக்கு விழுந்திருந்தது. சீனியர் அதற்கும் நிறம் தீட்டி, 'ஆர்வம் சரிந்துவிட்டது' என்று எழுதியிருந்தார்.

மறுநாள் விசாரணைக்கு மருத்துவமனையில் துறைத்தலைவரின் அறையில் எல்லோரும் கூடினார்கள். மூலையில் அந்தப் பெண் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"டாக்டர், நீங்க எப்ப எண்ணினீங்க?" என்று சீனியரிடம் கேட்டார் துப்பறிவாளர்.

"இந்த ஜனவரி. வருஷம் முழுசா முடியட்டும்னு காத்திருந்து எண்ணினேன். அந்தப் பொறுமையெல்லாம் இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு ஏது?"

"நல்ல வழக்கம். ஐயா, போன வருஷத்தை உங்க கம்ப்யூட்டர்ல இப்பவே எண்ணிப் பாக்கலாமா?"

துறைத்தலைவர் மருத்துவ ஆய்வுகளின் இணையப் பட்டியலில் தட்டிப் பார்த்தார். நூற்று மூன்று.

"ஜூன் பாதியோட நிறுத்திப் பாருங்க."

நாற்பத்தொன்று. மச்சினன் வாயைப் பிளந்தான்.

"ஆர்வம் சரியவே இல்லை," என்றார் துப்பறிவாளர். "எண்ணினப்போ வருஷம் பாதிதான் ஆகியிருந்தது. ஜனவரியில எண்ணினவருக்கு நூத்தி மூணு கிடைச்சிருக்கணும். இந்தப் பொண்ணு நிறம் தீட்ட மறக்கலை. முடியாத வருஷம்னு தனக்கே அடையாளமா அதை வெறுமையா விட்டிருக்கா. அடுத்தவங்க கையால எண்ணியே பழகின டாக்டருக்கு அது பிழையாத் தெரிஞ்சது. நிறத்தைத் தீட்டி, ஒரு காரணத்தையும் கட்டிவிட்டுட்டார்."

சீனியர் அந்தப் பெண்ணின் பக்கம் கையைக் காட்டினார். "சின்னப் பொண்ணு... இவ இன்னும் எத்தனையோ எழுதலாம். எனக்குப் பதவி உயர்வுக்கு இது ஒண்ணுதான்..."

"வெளியே போங்க," என்றார் துறைத்தலைவர்.

சீனியர் கதவைச் சாத்திக்கொண்டு போனார். துறைத்தலைவர் அந்தப் பெண்ணைப் பார்க்கவே கூசினார்.

"நானும் உன்னைச் சந்தேகப்பட்டேம்மா. நாளைக்குக் காலையில ஒரு கல் கேஸ் இருக்கு. நீ பண்ணு. பக்கத்துல நான் நிக்கிறேன்."

"சரி சார்," என்று சொல்ல அவள் மூன்று முறை முயன்றாள்.