வாயும் வயிறும்

காலையில் பல் துலக்கியதும் வயிற்றைக் கட்டிக்கொள்வது கலிஸ்டோ நிலவின் அமைச்சர்களுக்கு வழக்கம். விண்படை அமைச்சர் இசோனோ கண்ணாடி முன் நின்று, தொப்புளுக்குக் கீழே இருந்த சிறு மூடியைத் திறந்து, உள்ளே இருந்த குடலியைப் பஞ்சால் துடைத்து மூடினார். அதன்மேல் நீளமான வெள்ளைத் துணியை இறுக்கிச் சுற்றினார். மூச்சு முட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டார். முட்டினால்தான் சரியான கட்டு.

வாய் பொய் சொல்லும், வயிறு சொல்லாது என்று நம்பியவர்கள் செய்த கருவி குடலி. குடலின் நடுக்கத்தை அளந்து, அதன் சொந்தக்காரர் உண்மையில் விரும்புவது என்ன என்று கண்டுபிடித்து, மந்திரிசபையில் திரைக்குப் பின்னால் இருக்கும் 'மேலவர்' என்ற கணிப்பொறிக்குச் சொல்லிவிடும். வாய் ஒன்றும் வயிறு ஒன்றும் சொன்னால் படபடவென்று துடிக்கும். அந்தத் துடிப்பு பக்கத்து நாற்காலிக்காரர் கண்ணில் படக்கூடாது அல்லவா? குடலி வந்த கையோடு துணிக்கட்டும் வந்துவிட்டது.

கலிஸ்டோவில் குடியேறியவர்களின் முன்னோர் பூமியில் ஜப்பானியர்கள். மானம் போனால் வயிற்றைக் கிழித்துக்கொண்டவர்களும் அவர்களில் உண்டு. அங்கே ஒரு பெரும் போரின்போது, மனதில் உள்ளதைச் சொல்லாமல் குறிப்பால் உணர்த்துவதில் அமைச்சர்களும் தளபதிகளும் மகா கெட்டிக்காரர்களாக இருந்தார்களாம். வயிற்றுக்கலை என்று அதற்குப் பெயர். 'நான் சொல்லாவிட்டால் என்ன, அவருக்குப் புரியும்' என்று ஒவ்வொருவரும் இருந்ததில் ஊர் ஊராக எரிந்தது. இனி அப்படி நடக்கக்கூடாது என்றுதான் குடலியை வைத்து ஒரு சட்டமும் போட்டார்கள். யாராவது ஒருவருக்கு வாயும் வயிறும் ஒன்றையே சொன்னால், அதுவே சபையின் முடிவு. அப்படி யாரும் இல்லாவிட்டால் வாய்களை மட்டும் எண்ணிக்கொள்ளலாம். நம் ஊரில் ஒரு பெண் வாயும் வயிறுமாக இருந்தால் வளைகாப்பு நடத்துவோம். கலிஸ்டோவில் ஒரு மந்திரிகூட அப்படி இருந்ததில்லை.

துணிக்கட்டை முடிந்து நிமிர்ந்தபோது சுவர்த்திரையில் மகள் மிசாவோவின் முகம் தெரிந்தது. தலையை மழுங்கச் சிரைத்திருந்தார்கள். அன்று கிளம்பவிருந்த உயிரம்புகளில் ஒன்று அவளுடையது. உயிரம்பு என்பது மூக்கு நிறைய வெடிமருந்தும் நடுவில் ஓர் ஆளும் உள்ள ஏவுகணை. திரும்பி வர அதில் எரிபொருள் கிடையாது. எரிபொருளுக்காகத்தான் கானிமீட் நிலவோடு இந்தப் போரே. (அவர்கள் பேசியது ஜப்பானியம். நமக்காகத் தமிழில்.)

"சாப்பிட்டீங்களாப்பா?"

"ஆச்சும்மா. நீ?"

"எங்களுக்கு இன்னிக்கு இனிப்பெல்லாம் போட்டாங்க." சிரித்தாள். "சந்தோஷமாத்தான் போறேன்ப்பா. நீங்க ஒண்ணும் நினைக்காதீங்க."

"எனக்குப் பெருமையா இருக்கும்மா" என்றார் இசோனோ. துணிக்கட்டையும் மீறிக் குடலி அடித்துக்கொண்டது. பாவம், மிசாவோவுக்குக் குடலி கிடையாது. அது அமைச்சர்களுக்கு மட்டும்தான்.

சபை மண்டபத்தில் வெளியுறவு அமைச்சரின் நாற்காலி இன்னும் ஈரமாக இருந்தது. அதில் உட்கார்ந்திருந்த ஹமாயா, "மேலவரை ஒரு வார்த்தை கேட்டுப் பார்ப்போமே" என்று நேற்று சொல்லிவிட்டார். கேட்காமல் மேலவர் பேச மாட்டார். கேட்பதோ, சகாக்களின் வாயைச் சந்தேகிப்பதற்குச் சமம். அதைவிடப் பெரிய அவமானம் கலிஸ்டோவில் இல்லை. வாசலில் நின்ற இளம் அதிகாரிகள் உள்ளே பாய்ந்து வாளால் ஹமாயாவின் கழுத்திலும் தோளிலும் மாறி மாறி வெட்டினார்கள். தலை முழுதாக அறுபடாமல் மார்பில் தொங்கியது. மற்ற ஐந்து பேரும் தேநீரைக் கீழே வைக்கவில்லை. இன்று அவர் இடத்துக்கு வந்திருந்த புதியவர், நாற்காலிமேல் ஒரு துண்டை விரித்து உட்கார்ந்தார்.

பிரதமர் முராக்கோஷி வழக்கமான கேள்வியைக் கேட்டார். "போர் தொடரலாம்தானே?"

"தொடரலாம்" என்றன ஆறு வாய்கள்.

இசோனோவால் பொறுக்க முடியவில்லை. நாசூக்காக ஆரம்பித்தார். "மேலவர் ரொம்ப நாளா சும்மாவே இருக்காரு. அவருக்கும் ஏதாவது சொல்லணும்னு இருக்குமோ என்னவோ."

அது கேள்விதானா என்று வாசலில் நின்ற அதிகாரிகளுக்குப் புரியவில்லை. வாள் உறையிலிருந்து பாதி வந்து நின்றது. மேலவருக்குப் புரிந்துவிட்டது.

"போர் தொடங்கிய நாளிலிருந்து ஆறு வயிறுகளும் 'வேண்டாம்' என்றே சொல்கின்றன" என்றது திரைக்குப் பின்னிருந்து ஒரு சாந்தமான குரல். "நேற்று இறந்தவருடையதும்தான். இன்று வந்தவருடையதும்தான்."

பிரதமர் திரைப் பக்கம் திரும்பினார். "இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"யாரும் கேட்கவில்லை. கேட்காமல் சொல்வது மரியாதை இல்லை என்று உங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். உயிரம்புகள் இன்னும் கிளம்பவில்லை. யாராவது ஒருவர் 'நிறுத்து' என்று வாயால் சொன்னால் போதும். வயிறு ஏற்கெனவே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது."

ஒரே ஒரு வார்த்தை. இசோனோவின் தொண்டை வரை அது வந்துவிட்டது. ஆனால் பிரதமரின் பேரன் போன வருடம் உயிரம்பில் போனவன். தரைப்படை அமைச்சர் தொகிடாவின் மூத்த மகனும் அப்படியே. 'அடுத்தவன் பிள்ளை போனபோது வாயைத் திறக்காதவன், தன் பெண் என்றதும் போரையே நிறுத்திவிட்டான்' என்று ஊர் சிரிக்காதா? வேறு யாராவது முதலில் சொல்லட்டும், உடனே ஆமாம் போட்டுவிடலாம் என்று வாயை மூடிக்கொண்டார்.

மற்ற ஐந்து பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெற்ற தகப்பனே கல்லாக உட்கார்ந்திருக்கும்போது நாம் முந்திக்கொண்டால் அவரைக் கோழை என்று சொன்னதாகிவிடுமே. அவராகச் சொல்லட்டும் என்று பெரிய மனதோடு காத்திருந்தார்கள். ஆறு துணிக்கட்டுகளும் கொதிக்கும் சோற்றுப்பானை மூடிபோல ஆடின. ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை. எல்லோரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உயிரம்புகள் கிளம்பின.

சுவர்த்திரையில் கானிமீட் தெரிந்தது. அதன் பீரங்கிகள் முன்வரிசையை நடுவானிலேயே சிதறடித்தன. ஒன்று மட்டும் தப்பிப் போய் நகரத்தின் கண்ணாடிக் கூரையைப் பிளந்தது. பிளவு வழியாகக் காற்று பீறிட்டது. காற்றோடு மேசைகளும் கட்டில்களும் மனிதர்களும் வெளியே கொட்டினார்கள். கைகால் உதைத்து, ரத்தம் கொப்புளித்து, உப்பி, அடங்கினார்கள். இளம் அதிகாரிகள் ஆரவாரம் செய்தார்கள்.

மிசாவோவின் உயிரம்பு பின்வரிசையில் இருந்தது. ஒரு குண்டு அதன் வாலைப் பிய்த்தது. கூண்டுக்குள் தீப்பற்றியது. சொல்லிக்கொடுத்திருந்த வெற்றி முழக்கம் வரவேண்டிய ஒலிபெருக்கியில் மிசாவோவின் அலறல் வந்தது.

"நிறுத்துங்க! அப்பா, நிறுத்தச் சொல்லுங்கப்பா!"

சபையில் அவளுக்கு இடம் கிடையாது என்பதால் அந்தக் குரல் கணக்கில் வராது. தீ அவள் முகத்தைத் தின்று முடிக்கும்வரை ஒலிபெருக்கியை அணைக்க யாருக்கும் கை வரவில்லை. அணைப்பது தகப்பனை அவமதிப்பதாகிவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ.

இசோனோ எழுந்தார். மேசையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர் இல்லை.

"அந்த ஊர்ல ஒருத்தன்கூட மிஞ்சக் கூடாது. இப்ப நிறுத்தினா என் பொண்ணு எதுக்குச் செத்தா? சொல்லுங்க, எதுக்குச் செத்தா?"

சொல்லி முடித்தபிறகுதான் கவனித்தார். வயிறு அடங்கிக் கிடந்தது. மூன்று வருடமாக ஓயாமல் அடித்துக்கொண்டிருந்த குடலி ஒரு சிறு அசைவும் இல்லாமல் கிடந்தது.

"வாயும் வயிறும் ஒன்று" என்றது மேலவரின் குரல். "இந்தச் சபையில் இதுவே முதல் முறை. சட்டப்படி இதுவே முடிவு. போர் தொடரும். அடுத்த அணியைத் தயார் செய்யச் சொல்கிறேன்."

அடுத்த அணியில் தொகிடாவின் இளைய மகன் இருந்தான்.

"நீங்க என்ன சொல்றீங்க, தொகிடா?" என்று பிரதமர் மெதுவாகக் கேட்டார்.

தொகிடா இசோனோவைப் பார்த்தார். இப்போதுதான் மகளைப் பறிகொடுத்த மனிதர். அவர் முன்னால் எப்படிச் சொல்வது?

"இசோனோ சொன்னதுதான் சரிங்க. எனக்குப் பெருமைதான்" என்றார் தொகிடா. அவருடைய துணிக்கட்டு அவிழ்ந்து மேசைக்கடியில் தொங்க, இரண்டு கைகளாலும் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டார். விரல்கள் கிடுகிடுவென்று ஆடின.

இசோனோ அதைப் பார்த்தார். பார்த்ததை வெளியில் காட்டிக்கொள்வது மரியாதையாக இருக்காது என்று கூரையைப் பார்க்க ஆரம்பித்தார்.