மூன்றாவது வேண்டாம்

செவிமானியில் எண் தொண்ணூற்றொன்பதாயிரத்தைத் தாண்டிய அன்று ஹர்ஷினி தன் பட்டுப்புடவையை இஸ்திரிக்குக் கொடுத்தாள். ரகசியமில்லை, இஸ்திரிக்காரரே வீடு வீடாகச் சொல்லிவிட்டார்.

செவிமானி என்பது தெருமுனைக் கம்பங்களில் தொங்கும் சுரைக்காய் அளவுப் பெட்டி. ஊரார் பேச்சில் எந்தக் கருத்து எத்தனை முறை அடிபடுகிறது என்று எண்ணும். லட்சத்தைத் தொட்டால் அரசாங்கம் அதற்கொரு வாரியம் அமைத்தாக வேண்டும். பெயர்ப்பலகை, முத்திரை, முதலில் சொன்னவருக்குத் தலைவர் நாற்காலி. மெச்சிப் பேசினார்களா, சிரித்துப் பேசினார்களா என்பது பெட்டிக்குத் தெரியாது.

ஹர்ஷினியின் கருத்து இதுதான்: விருந்தாளி சொல்லும் முதல் இரண்டு 'வேண்டாம்' மரியாதைக்கு, மூன்றாவதுதான் நிஜம். பதினோரு வருடம் கல்யாணப் பந்திகளில் நோட்டும் கையுமாக உட்கார்ந்து கண்டுபிடித்தாள். கல்லூரிகளுக்கு எழுதினாள், பதில் இல்லை. பந்தியில் அவள் பக்கத்தில் உட்காரத்தான் ஆளில்லாமல் போயிற்று.

அந்தக் கருத்தைத் தூக்கிவிட்டவள் எதிர்வீட்டு தர்ஷனா. எல்லாம் கேலியால்தான். "எங்க எதிர்வீட்டு விஞ்ஞானி சொல்லிருக்கா, ரெண்டு வேணாம் செல்லாதாம்" என்று காய்கறிக்காரரிலிருந்து பல் டாக்டர் வரை ஒருவரையும் விடவில்லை. கேட்டவர்கள் சிரித்துவிட்டுத் தங்கள் வீட்டில் போய்ச் சொன்னார்கள். பங்குனியில் லட்சம் தாண்டி, உபசார வாரியம் பிறந்தது. வீட்டுப் பரிமாறி இயந்திரங்கள்கூட மூன்று முறை கேட்டுவிட்டு நகர்ந்துவிடும். வாரியச் சட்டப்படி நான்காவது முறை கேட்பது குற்றம்.

வாரியச் செயலர் அஸ்வத் நியமன ஆணையோடு வந்தார். வேடிக்கை பார்க்க தர்ஷனாவும் காபி டம்ளரோடு வந்து நின்றாள். பதினோரு வருடச் சிரிப்புக்கும் பதில் அந்தக் காகிதம்தான் என்று ஹர்ஷினிக்குத் தெரியும்.

தலைமை ஏற்கிறீர்களா என்று கேட்டார்.

"எனக்கெதுக்குங்க இதெல்லாம்."

மறுபடி கேட்டார். முந்தானையைச் சரிசெய்துகொண்டே, வேறு யாராவது படித்தவர்களாகப் பார்க்கச் சொன்னாள்.

மூன்றாவதாகக் கேட்டார். சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். தர்ஷனாவின் பார்வை கண்ணில் பட்டது. நாற்காலிக்கு அலைந்தாள் என்று நாளைக்குத் தெருவெல்லாம் சொல்வாளே.

"இருக்கட்டுங்க, வேணாம்."

அஸ்வத் ஆணையின் மேல் 'மறுத்தார்' என்று முத்திரையைக் குத்தினார்.

"தம்பி, இன்னொரு தடவ கேளுங்களேன்."

"கேட்டா என் வேல போயிடும்மா. நீங்க கண்டுபிடிச்சதுதானே."

அடுத்த உரிமை, அந்தக் கருத்தை அதிக முறை வாயால் சொன்னவருக்கு. செவிமானிக் கணக்கில் அது தர்ஷனா. நாலாயிரத்து இருநூறு முறை. கேள்வி முடியுமுன் சரி என்றாள்.

அன்று மாலையே ஹர்ஷினிக்கு ஒன்று விளங்கிற்று: சிலருக்கு நான்காவதுதான் நிஜம். நேராக எதிர்வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். பழைய தர்ஷனாவாக இருந்தால் மறுநாளைக்குள் ஊர் முழுக்கச் சிரித்திருக்கும். வாரியத் தலைவர் சிரிக்கவில்லை. பரிசீலிப்பதாகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

செவிமானியில் புதுக் கருத்துக்கு எண் ஒன்று என்று விழுந்தது. இன்றுவரை ஒன்றுதான்.