மொட்டை மாடியில் ஓர் எல்லைக்கோடு

புது போன் வீட்டுக்கு வந்த நாளில் இருந்து மோகனப்ரியாவின் கண்கள் பாதி மூடியே இருந்தன. தூக்கம் இல்லை, கனவு.

அது 2009ஆம் ஆண்டு. ஓசூரில் ஜூஜூவாடி பக்கம், ஒரு மாடி வீட்டில் அவர்கள் குடியிருந்தார்கள். அப்பா சுடலைமுத்து சிப்காட்டில் கியர் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தார். பல வருடமாக அவரிடம் இருந்தது பட்டன் தேய்ந்த பழைய போன். அதைக் கடையில் கொடுத்துவிட்டு, தீபாவளி போனஸில் புது டச் போன் வாங்கி வந்தார்.

அதில் பட்டனே இல்லை! முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி வழவழப்பாக ஒரு திரை. திரைக்குள் பச்சைத் தண்ணீர். தண்ணீரில் இரண்டு சிவப்பு மீன்கள். விரல் வைத்தால் வளையம் வளையமாக அலை பரவும். மீன்கள் மெல்ல விலகிப் போகும்.

"அம்மா, விரல் நனையவே இல்லம்மா!" என்றாள் ப்ரியா.

அம்மா பூங்கொடி இட்லி மாவு ஒட்டிய விரலால் ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். மீன் அசையவில்லை. இன்னொரு தடவை அழுத்தினாள். அப்போதும் அசையவில்லை.

"என்னைய மட்டும் மதிக்க மாட்டேங்குதே!" என்றாள் அம்மா.

"கையத் துடைச்சிட்டுத் தொடணும்மா. அதுக்கு ஈரம் பிடிக்காது."

"தண்ணிக்குள்ள மீன வச்சிக்கிட்டு ஈரம் பிடிக்காதாக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் மறுநாளே ஒரு விசித்திரம் தொடங்கியது. காலையில் போனில் ஒரு செய்தி வந்தது: 'கர்நாடகாவுக்கு நல்வரவு.' சிறிது நேரம் கழித்து: 'தமிழ்நாட்டுக்கு நல்வரவு.' மத்தியானம் மறுபடியும் கர்நாடகா.

எல்லை அவர்கள் வீட்டில் இருந்து கூப்பிடு தூரம்தான். போன் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு இரண்டு மாநிலத்துக்கும் போய்ப் போய் வந்தது.

ப்ரியா ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தாள். ஒருவேளை நகர்வது போன் இல்லையோ? வீடுதான் நகர்கிறதோ? ஓசூர்ப் பனியில் யாருக்கும் தெரியாமல், ஒரு படகு மாதிரி, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் மிதந்து போய் வருகிறதோ? வானத்தைப் பார்த்தாள். ஒரு மேகம் எல்லைக்கு அப்பால், அத்திப்பள்ளிப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. அதற்கும் நல்வரவுச் செய்தி வருமா?

"ஏட்டி, பல்லத் தேய்ச்சியா இல்லியா?" என்று அம்மா அதட்டியதும் வீடு சட்டென்று நின்ற இடத்தில் நின்றது.

வெள்ளிக்கிழமை மாலை அந்த விளையாட்டு வினையாகிவிட்டது.

அப்பா கோபத்தோடு வீட்டுக்குள் வந்தார். "டீக்கடைகிட்ட நிக்கும்போதுதான் ஊர்ல இருந்து போன் வந்துச்சு. காலையில இருந்து அடிக்காங்களாம். நம்பர் கிடைக்கலியாம். தங்கமணிய ஆஸ்பத்திரியில சேத்தாச்சாம்."

தங்கமணி அம்மாவின் தங்கை. சங்கரன்கோவிலில் இருக்கிறாள். அவளுக்கு இது முதல் குழந்தை. அம்மாவின் முகம் வாடிவிட்டது.

"ஏன் கிடைக்கலப்பா?" என்று கேட்டாள் ப்ரியா.

"கர்நாடகா டவரப் பிடிச்சிட்டா அது ரோமிங். நமக்கு வர்ற போனுக்கும் காசு போகும். காசு தீந்துட்டா ஒரு போனும் உள்ள வராது. கடையில கேட்டா, பார்டர் ஏரியா, அப்படித்தான்னு சொல்லுதான். பழைய போன் பக்கத்து டவரத் தவிர எதையும் பாக்காது. இதுக்குக் கண்ணு ஊரெல்லாம் மேயுது!"

"இப்ப என்ன செய்யப் போறீங்க?" என்றாள் அம்மா.

"நாளைக்கு ஷிஃப்ட் முடிஞ்சு வந்ததும் கடையில திருப்பிக் குடுத்துட்டு, பழைய போனையே கேட்டு வாங்கப் போறேன்."

ப்ரியா போனை வாங்கி மீன்களை ஒரு தடவை தொட்டாள். ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அதை அப்பாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. பள்ளிக்கூடம் கிடையாது. விடியும்போதே அப்பா போனை வீட்டில் வைத்துவிட்டுக் கம்பெனி பஸ் ஏறிவிட்டார். அம்மா போனைப் பார்ப்பதும், அடுப்பைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

திரையின் மேல் ஓரத்தில் பொடி எழுத்தில் கர்நாடகா என்று இருந்தது. ப்ரியா போனை எடுத்துக்கொண்டு நடந்தாள். கூடம்: கர்நாடகா. சமையலறை: கர்நாடகா. துணி வைக்கும் பீரோ: கர்நாடகா. குளியலறை: தமிழ்நாடு!

"அம்மா, நம்ம வீட்ல பாத்ரூம் மட்டும்தான் தமிழ்நாடு!"

"அதுக்காகப் போன வாளிக்குள்ளயா வைக்க முடியும்?"

ப்ரியா மொட்டை மாடிக்கு ஏறினாள். பனி விலகி, மெல்லிய வெயில் வந்திருந்தது. தண்ணீர்த் தொட்டி அருகே தமிழ்நாடு. டிவி ஆன்டெனா அருகே கர்நாடகா. ஒவ்வோர் அடி வைத்ததும் நின்று பார்த்தாள். சில இடங்களில் எழுத்து மாற ஒரு நிமிடம் ஆனது. அவள் பொறுமையாகக் காத்திருந்தாள். மாறுகிற இடத்தில் எல்லாம் செங்கல் துண்டால் ஒரு புள்ளி வைத்தாள். ஒரு மணி நேரத்தில் மாடியில் புள்ளிகள் நிறைந்தன. அவற்றைச் சேர்த்தபோது வளைந்து வளைந்து ஒரு கோடு வந்தது.

அவள் கோட்டின் மேல் நின்றாள். ஒரு காது தமிழ்நாட்டில், ஒரு காது கர்நாடகாவில். இரண்டிலும் ஒரே காற்றுதான் அடித்தது.

அப்போது படிக்கட்டில் செருப்புச் சத்தம். கீழ் வீட்டு மாரம்மா துணி காயப்போட வந்தாள். ரோஜாத் தோட்டத்தில் பூ வெட்டும் வேலை அவளுக்கு. கன்னடம் கலந்த தமிழ் பேசுவாள். அவள் இடுப்பில் ஒரு சின்ன பட்டன் போன் செருகியிருந்தது.

"ஏனு கண்ணு, பாண்டி ஆடுறியா?"

"இல்ல மாரம்மா அக்கா. போன் வரும்னு காத்திருக்கோம். அதுக்கு எடம் தேடுறேன்."

மாரம்மா பெருமூச்சு விட்டாள். "உனக்காவது வரும். எனக்கு வராது."

"ஏன்?"

"எம் மகளு பிரவீனா பெங்களூர்ல நர்சு படிக்கிறாள்ல? ஆஸ்டலுக்குப் போறப்போ இந்தப் போன பெங்களூர்லயே வாங்கியாந்து குடுத்துட்டுப் போனா. ஞாயித்துக்கிழமை தவறாம பேசறேம்மான்னா. மூணு ஞாயிறு போச்சு. ஒரு போனும் இல்ல. புது ஊரு, புது சிநேகிதம். மறந்துட்டா போல."

"நீங்க பண்ணலாமே?"

"எனக்குப் பச்ச பட்டன் அமுக்கத் தெரியும். அவ்ளோதான்."

மாரம்மா துணியை உதறினாள். முகத்தை ப்ரியாவுக்குக் காட்டவில்லை.

ப்ரியா யோசித்தாள். பெங்களூரில் வாங்கிய போன், பெங்களூர் சிம். அப்படியென்றால் அதன் வீடு கர்நாடகா!

"அக்கா, உங்க போனக் குடுங்க."

வாங்கிப் பார்த்தாள். அவள் நினைத்தது சரி. அந்தச் சின்னத் திரையில் தமிழ்நாடு என்று இருந்தது. மாரம்மாவின் வீடு கீழே, குளியலறைப் பக்கம். அங்கே எப்போதும் தமிழ்நாட்டு டவர்தான். தங்கள் போனுக்கு வந்த அதே கஷ்டம், திருப்பிப் போட்ட மாதிரி!

ப்ரியா தன் போனைத் தண்ணீர்த் தொட்டி மேல் பத்திரமாக வைத்தாள். மாரம்மாவின் போனோடு கோட்டைத் தாண்டி ஆன்டெனா அருகே போய் நின்றாள்.

எழுத்து மாறவில்லை. எண்ணிக்கொண்டே நின்றாள். இருபது. முப்பது. நாற்பது...

டிங்.

கர்நாடகா.

டிங். டிங். டிங். டிங். போன் அவள் கையில் குருவிக்குஞ்சு மாதிரி துடித்தது. ப்ரியா ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"அக்கா, எல்லாம் பிரவீனா அக்கா பண்ணின போன். உங்களுக்குக் கிடைக்காம போனது. போன ஞாயிறு ஆறு தடவ. அதுக்கு முந்தின ஞாயிறு ஒன்பது தடவ. நேத்துகூடப் பண்ணியிருக்காங்க!"

மாரம்மா கையில் இருந்த ஈரத்துணியை அப்படியே நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"அய்யோ தேவரே, கடவுளே! எம் மகளு மறக்கலயா?"

"மறக்கவே இல்லக்கா. போன்தான் வேற ஊர்ல நின்னுட்டு இருந்துச்சு."

போனில் மிச்சமிருந்த சில்லறைக் காசு ரோமிங்குக்குத்தான் போதாது, இங்கே ஒரு போன் போடப் போதும். ப்ரியா மகளின் எண்ணைத் தேடி அழுத்திக் கொடுத்தாள். அந்தப் பக்கம் ஒரு மணி அடித்து முடிவதற்குள் குரல் வந்துவிட்டது. "அம்மா! எல்லித்தியம்மா? எங்கம்மா இருந்த?" மாரம்மாவுக்கு முதலில் அழுகைதான் வந்தது. பிறகு கன்னடமும் தமிழும் தெலுங்குமாகக் கொட்டத் தொடங்கினாள்.

மேலே ஒரு மேகம் வந்து நின்று நாலு துளி தூறல் போட்டது. அதே நேரம் தண்ணீர்த் தொட்டி மேல் மணி அடித்தது.

சங்கரன்கோவில்!

ப்ரியா பாய்ந்து ஓடினாள். கண்ணாடி மேல் மழைத்துளிகள். பச்சைக் குறியைத் தொட்டு இழுத்தாள். வழுக்கியது. மறுபடி இழுத்தாள். ம்ஹூம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நின்றுவிடுமோ? அவள் அவசரப்படாமல் மூச்சை இழுத்தாள். போனைப் பாவாடையில் துடைத்தாள். விரலையும் துடைத்தாள். மெல்லத் தொட்டு இழுத்தாள்.

"ஹலோ, சித்தப்பா!"

"ப்ரியாக்குட்டி, உனக்குத் தம்பி பொறந்திருக்கான்டா! சித்தி நல்லா இருக்கா. அம்மா எங்க?"

"அம்மா! அம்மா! மேல வாங்க!"

அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். போனைக் காதில் வைத்தாள். எங்கோ சங்கரன்கோவிலில் பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத ஒரு குரல், மெலிசாக, பூனைக்குட்டி மாதிரி அழுதது. அம்மா கண்ணை மூடிக் கேட்டாள்.

"மாரம்மாக்கா! என் தங்கச்சிக்கு ஆம்பளப் புள்ள பொறந்திருக்கு!" என்று கத்திக்கொண்டே அந்தப் பக்கம் நடந்தாள்.

"அம்மா, கோட்டத் தாண்டாதீங்க!"

தாண்டிவிட்டாள். போன் கட்டாகிவிட்டது. அம்மா திருதிருவென்று விழித்தாள். ப்ரியா அவளைக் கையைப் பிடித்துத் தமிழ்நாட்டுக்குக் கூட்டி வந்தாள். சிறிது நேரத்தில் மணி மறுபடியும் அடித்தது.

மாலை நான்கு மணிக்கு அப்பா வந்தார். கையில் போன் வாங்கிய பில் இருந்தது. வீட்டில் யாரும் இல்லை. மாடியில் இருந்து பேச்சுச் சத்தம் கேட்டு மேலே வந்தார். ஆன்டெனா அருகே மாரம்மா மகளோடு பேசிக்கொண்டிருந்தாள். தொட்டி அருகே அம்மா தங்கையோடு பேசிக்கொண்டிருந்தாள். ஆன்டெனாக் கம்பியில் ஒன்று, தொட்டிக் குழாயில் ஒன்று என்று, போன் வைப்பதற்கு இரண்டு துணிப்பைகள் தொங்கின. நடுவில் செங்கல் கோட்டின் மேல் ப்ரியா மல்லாந்து படுத்து மேகம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி இதெல்லாம்?"

ப்ரியா எழுந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா கோட்டை ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை பார்த்தார். மாரம்மாவின் சிரிப்பைப் பார்த்தார். பிறகு பில்லை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"சரி, இப்ப நான் எந்த ஸ்டேட்ல நிக்கேன்?"

ப்ரியா குனிந்து பார்த்தாள். அப்பாவின் ஒரு செருப்பு தமிழ்நாட்டில் இருந்தது. இன்னொன்று கர்நாடகாவில்.