திறக்காத லிங்க்

டிங்!

துணி மடித்துக்கொண்டிருந்தவள் போனை எட்டிப் பார்த்தாள். தெரியாத எண். ஒரே ஒரு வார்த்தை: ‘நன்றி.’

எதற்கு நன்றி?

காலையில் அதே எண்ணிலிருந்து ஒரு லிங்க் வந்திருந்தது. ‘உங்கள் குழந்தையின் வகுப்புப் படங்கள்.’ புருஷனின் கைக்குத் தப்பி மகளோடு ஓடிவந்த இந்த ஏழு மாதத்தில் அவள் எந்த லிங்க்கையும் அப்படியே திறந்ததில்லை. யார் திறந்தது, எங்கிருந்து திறந்தது என்று அனுப்பியவனிடம் போட்டுக்கொடுக்கும் வால் ஒன்று அதில் தொங்கும் என்று தம்பி எச்சரித்திருந்தான். வாலை வெட்டும் ஆப்பையும் அவனே போட்டுக் கொடுத்திருந்தான். அதில்தான் போட்டாள். குட்டியாக இருந்த லிங்க் மளமளவென்று நீண்டது, வால் அறுந்தது, ‘சுத்தம்’ என்றது பச்சை எழுத்து. அப்படியும் மனசு ஒப்பாமல் திறக்கவில்லை.

தம்பியை அழைத்தாள்.

“நான் திறக்கவே இல்லடா. சுத்தம் மட்டும்தான் பண்ணேன்.”

“அப்புறம் ஏன்க்கா பேயறைஞ்ச மாதிரி பேசுற? லிங்க் எப்படி இருந்துச்சு? நீளமாவா?”

“குட்டி. ஆப்ல போட்டதும் நீண்டுச்சு.”

மறுமுனையில் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழும் சத்தம்.

“என்னடா?”

“குட்டி லிங்க்கை நீட்டணும்னா ஆப் அங்க போய்ப் பார்த்துட்டுத்தான் வரணும்க்கா. உன் போன்லேருந்தே போகும். சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்ல... உன் டேட்டாவா?”

“இல்ல, கட்டடத்து வைஃபை.”

“கட்டடத்துப் பேர்லயே வாங்கின கனெக்‌ஷனா?” அவன் குரல் உடைந்தது. “அப்போ கட்டடத்துப் பேரே அந்தாளுக்குப் போயிருக்கும். அக்கா, பாப்பாவைத் தூக்கிட்டுக் கிளம்பு. எதையும் எடுக்காத. இப்பவே!”

சன்னலில் இன்னும் மாலை வெயில் இருந்தது. மடித்த துணியின் சோப்பு வாசமும், சமையலறைக் குழாய் சொட்டுகிற சத்தமும், சுவருக்கு அப்பால் லிஃப்ட் முனகிக்கொண்டே மேலேறும் ஓசையும் ஒன்றாய்ச் சேர்ந்து அவளை நெருக்கின. செருப்பைத் தேடினாள். லிஃப்ட் நின்றது. இந்த மாடி.

காலடிகள். அவசரமே இல்லாத காலடிகள்.

கூடத்தில் மகள் க்ரேயானால் கிறுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது கேட்கவில்லை.

“பாப்பா, கதவுகிட்ட போகாத!”

கத்தியதாகத்தான் நினைத்தாள். காற்றுதான் வந்தது.

தாழ்ப்பாள் விலகியது. நன்றாகத் தெரிந்த ஷேவிங் லோஷன் வாசம்.

“அம்மா, அப்பா வந்திருக்காரு! காலையில நீதான் கூப்பிட்டியாம்!”